வேலை கிடைத்த பதினோராம் நாள்

சிறையில் இருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கிறேன். நான் முதன்முதலாக அப்படிச் சேர்த்துவிட்ட பையன் பதினோரு நாள்தான் நின்றான். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பவுண்டரி, உலோகம் வார்க்கிற இடம். என் லேத் பட்டறைக்கு வார்ப்புகள் அங்கிருந்துதான் வரும் என்பதால் ஓனர் நல்ல பழக்கம். "உங்க பொறுப்புன்னா அனுப்புங்கண்ணா" என்றார். பையனுக்கு 24 வயது. அடிதடி வழக்கில் ஏழு மாதம் கோவை மத்திய சிறையில் இருந்துவிட்டு பெயிலில் வந்திருந்தான். வார்ப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்கும் வேலை கொடுத்தார்கள். தூசி, சத்தம், நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். முதல் வாரம் விசாரித்தபோது, "கை நல்லா ஓடுதுங்க" என்றார் சூப்பர்வைசர். எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினோராம் நாள் அவரே போன் செய்தார். "உங்க ஆளு தினமும் பத்து மணிக்கு எங்கேயோ போறாருங்க. திரும்பி வர பன்னெண்டு, பன்னெண்டரை ஆகுது. கேட்டா தலையக் குனிஞ்சு நிக்கிறாரு. நாளையில இருந்து வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பெயில் நிபந்தனை. குறிச்சியில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போய், ரைட்டர் வரும்வரை பெஞ்சில் காத்திருந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். "ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?" என்றேன். "சொன்னா வேலையே தரமாட்டீங்கன்னு நெனச்சேங்ணா." கேட்டிருக்க வேண்டியவன் நான். பெயில் ஆர்டர் நகல் அவன் சட்டைப் பையிலேயே எட்டாக மடித்து இருந்தது. ஒரு தடவை வாங்கிப் படித்திருந்தால் போதும், வேலைக்குச் சேர்க்கும் முன்பே ஓனரிடம் பேசி அவனை மத்தியான ஷிப்டில் போட்டிருக்கலாம்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நாற்பது பேருக்கு மேல் வேலை தேடிக் கொடுத்திருக்கிறோம். நான், ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை, காசு வாங்காமல் வழக்கு பார்க்கும் ஓர் இளம் வக்கீல், மூன்று பேர்தான். சங்கம், ரசீதுப் புத்தகம் எதுவும் கிடையாது. வேலை வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்தேனே, அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஆள் வேலையில் மூன்று மாதம் நிற்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் அவரை வேலையை விட்டுப் போக வைப்பது பெரும்பாலும் ஏதாவது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இதில் இறங்கக் காரணம் என் பட்டறையிலேயே நடந்த ஒன்று. என்னிடம் ஆறு வருடம் லேத் ஓட்டியவர், ஊரில் நிலத் தகராறில் கைதாகி, எட்டு மாதம் கழித்து வெளியே வந்தார். நேராக என் பட்டறை வாசலுக்கு வந்து, "பழைய மிஷின்ல வேற ஆள் போட்டுட்டீங்களாண்ணா?" என்றார். "ஆர்டர் கம்மியா இருக்குது, அப்புறம் சொல்றேன்" என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். அவருடைய மிஷின் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. ஆறு வருடம் தினமும் சாயங்காலம் அவரே துடைத்து, எண்ணெய் விட்டு, மூடி வைத்த மிஷின். ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அப்புறம் சொல்லவே இல்லை. இரண்டு மாதம் கழித்து மனசு கேட்காமல் வீட்டுக்குப் போனால், குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று இன்றுவரை தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெயிலில் இருந்து வந்தவர் என்றதும் தண்டனை முடித்து வந்தவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி மொத்தம் 5,73,220 சிறைவாசிகளில் 4,34,302 பேர் தீர்ப்பு வராதவர்கள். அதனால் உங்களிடம் வேலை கேட்டு வருபவருக்குப் பெரும்பாலும் வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கையெழுத்து இருக்கும், வாய்தா இருக்கும். சிலருக்குச் சொந்த ஊருக்குள் வரக் கூடாது, வேறு ஊரில் தங்கி அங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றுகூட இருக்கும். அந்த ஊரில் ரூம் வாடகைக்கு யார் பணம் கொடுப்பது என்று ஆர்டரில் எழுதியிருக்காது.

ஆகவே நாங்கள் முதலில் கேட்பது பெயில் ஆர்டர். என்ன வேலை தெரியும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டவருக்கு நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடலாம். தினமும் என்பதை வாரம் ஒரு நாளாக, காலை என்பதைச் சாயங்காலமாக மாற்றிக் கேட்கலாம். வேலை கொடுக்கிறவர் லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் மனுவோடு சேர்த்து வைக்கலாம். எங்கள் அனுபவத்தில் அந்த நாலு வரிக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

வாய்தா அன்றைக்கு வேலையை விட்டு வர முடியாவிட்டால், கோர்ட்டில் நேரில் ஆஜராவதில் இருந்து அன்றைக்கு விலக்குக் கேட்கும் 317 பெட்டிஷனை வக்கீல் மூலமாகப் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 317-வது பிரிவு. 2024 ஜூலையில் இருந்து புதிய சட்டத்தில் 355-வது பிரிவு, ஆனாலும் கோர்ட்டில் இன்னும் 317 என்றே சொல்கிறார்கள். 'ஒரு வாய்தாதானே' என்று விட்டுவிட்டால் பிடிவாரண்ட் வரும். பிடிவாரண்ட் வந்தால் வேலை செய்கிற இடத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அத்தனை பேர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போன பிறகு அவர் அந்த இடத்துக்குத் திரும்பி வருவது நடக்காத காரியம். என் வீட்டு நாள்காட்டியில் இப்போது ஆறு பேருடைய வாய்தா தேதிகள் சிவப்பு மையில் குறித்திருக்கின்றன. முந்தின நாள் ராத்திரி போன் செய்து ஞாபகப்படுத்திவிடுவேன்.

அடுத்தது காகிதங்கள். ஏழு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்த ஒருவரை பாங்குக்குக் கூட்டிப் போனேன். முன்பு தறிக் குடோனில் வேலை பார்த்தவர். பழைய பாஸ்புக்கை மஞ்சள் பையில் துணி சுற்றி வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாததால் கணக்கு செயல்படாத கணக்காகிவிட்டது. கவுன்டரில் இருந்த பெண், "ஆதார் கார்டு குடுங்க, போன் நம்பருக்கு ஓடிபி வரும்" என்றார். ஆதாரில் இருந்தது அவர் கைதாவதற்கு முன் வைத்திருந்த நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரைக் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. என் போனில் இருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பாட்டி எடுத்து, "யாரு, மாரிமுத்தா?" என்றார். போனை வைத்த பிறகும் இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொண்ணுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பருங்க அது" என்றார்.

பாங்கில் இருந்து வெளியே வந்தால் எதிரே டீக்கடை. டீ குடித்துவிட்டு அவர் ரூபாய்த் தாளை நீட்டினார், கடைக்காரர் சில்லறை இல்லை என்று கல்லாப்பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். அவருக்கு அது என்னவென்றே புரியவில்லை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் போனைத் தூக்கிக் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போனான். அன்று மாலை முழுக்க அவருக்கு போனில் பணம் அனுப்புவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். இதற்கெல்லாம் வெட்கப்படுகிறவர்கள் வேலை செய்கிற இடத்தில் யாரிடமும் கேட்க மாட்டார்கள்.

ஆதாரில் போன் நம்பரை மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை, கைரேகையும் ஆளும் இருந்தால் போதும். அதை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். செயல்படாத கணக்கை மறுபடி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, கேட்டால் அதைச் சொல்லலாம். ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். ஓட்டுநராக இருந்தவர் என்றால் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடியும் டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டிய ஒருவர் 19 வயதுப் பையன்களோடு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு மூன்று மாதம் தள்ளிப் போட்டார். கடைசியில் நான் கூடப் போய் நின்றேன். கட்டட வேலைக்குப் போகிறவரை, 60 வயதுக்குள் இருந்தால், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுவது நல்லது.

விடுதலையான வழக்கென்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி லேமினேட் செய்யாமல் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம். இப்போது யார் வேண்டுமானாலும் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைப் போட்டு வழக்கைத் தேடலாம். வழக்கு இருந்தது தெரியும். அதற்குமேல் விடுதலை ஆனாரா என்று படித்துப் பார்க்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. நகலைக் கையில் கொடுத்தால் படிக்கிறார்கள்.

சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வி எல்லோரிடமும் வரும். நான் ஆரம்பத்தில் ஒருமுறை மறைத்தேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான். பாலிஷிங் பட்டறை ஒன்றில் மூன்று பேரைச் சேர்த்திருந்தேன். இரண்டு பேரைப் பற்றி ஓனருக்குத் தெரியும், மூன்றாமவரைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் பெயர் ஸ்டேஷனில் ரவுடி பட்டியலில் இருந்தது. பண்டிகைக்கு முன்னால் பட்டியலில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். இரண்டு போலீஸ்காரர்கள் பட்டறைக்கே வந்து, எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே ஓனர் மூன்று பேரையும் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். "போலீஸ் வந்ததுக்கு இல்லீங்க. நீங்க எங்கிட்ட மறைச்சுட்டீங்க பாருங்க, அதுக்குத்தான்" என்றார். ஒரு தப்பும் செய்யாத அந்த இரண்டு பேர் வேலை இழந்ததற்கு நான்தான் காரணம்.

அதிலிருந்து ஓனரிடம் கட்டாயம் சொல்வோம். கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்ல மாட்டோம், ஓனரும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொள்வோம். சொல்ல வேண்டியதை வேலைக்குப் போகிறவரே சொல்ல வேண்டும், நான் கூட உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கச் சொல்வேன். நீளமாகப் போகக் கூடாது. யார் மேல் தப்பு, எப்படி மாட்டிக்கொண்டேன் என்று கதை ஆரம்பித்தால் கேட்கிறவருக்குச் சந்தேகம்தான் வரும். ஒருவர் இப்படிச் சொன்னார்: "ஒரு கேஸ்ல மூணு வருசம் உள்ள இருந்தேனுங்க. தண்டனை முடிஞ்சிருச்சு. வெல்டிங் நல்லாத் தெரியும். ரெண்டு நாள் வேலையப் பாருங்க, புடிச்சா வெச்சுக்கோங்க." அவ்வளவுதான். அந்த ஓனர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆர்க்கா, கேஸா?" என்றார். என்ன வெல்டிங் என்று கேட்டுவிட்டார் என்றால் அவர் மனதில் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

நானும் சிலதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்கில் தண்டனை பெற்றவரை, குடும்பங்கள் குடியிருக்கிற வளாகத்திலோ பள்ளி பக்கத்திலோ வேலைக்கு வைக்க நான் உதவ மாட்டேன். குடி நிற்காதவரை மிஷின் பக்கம் அனுப்ப மாட்டேன், முதலில் சிகிச்சை. எல்லோருக்கும் உதவ முடியாது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இருந்த காலத்தில்தான் நல்ல ஓனர்கள் இரண்டு பேரின் நம்பிக்கையை இழந்தேன்.

சட்டத்தில் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு இருக்கிறதா என்று கேட்டால் மறைக்கவே கூடாது. மறைத்தது தெரிந்தால் அதற்காகவே வேலை போகலாம். உச்ச நீதிமன்றம் 2016-ல் அவதார் சிங் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, சின்ன வழக்கென்றால் அதன் தன்மையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறைக்கு அனுப்பாமல் 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டப்படி விடப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது, 12-வது பிரிவு. 18 வயதுக்குள் வழக்கில் சிக்கி கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பையன்களுக்கும், மிகக் கொடிய குற்றங்களில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்கள் தவிர, 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டம் அப்படியொரு பாதுகாப்பைத் தருகிறது. இது தெரியாமல் போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ விண்ணப்பிக்கும் ஆசையையே விட்டுவிட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு முடிவு செய்யட்டும்.

'வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுங்களேன்' என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அந்தக் கதவு மூடியிருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005 சட்டப்படி, தண்டனை பெற்றவரை செக்யூரிட்டி நிறுவனம் காவலாளியாக வைக்க முடியாது. டெலிவரி கம்பெனிகளும் பின்னணியைச் சரிபார்க்கிறார்கள். அங்கே ஒரு மாதம் அலைந்து ஏமாறுவதைவிட வேறு பக்கம் பார்க்கலாம்.

வேறு பக்கம் என்றால் எங்கள் ஊர்ப் பகுதியில் பவுண்டரி, லேத், திருப்பூர் பனியன் கம்பெனிகள், ஹோட்டல் சமையல்கட்டு, கட்டட வேலை, கோழிப்பண்ணை. திருப்பூர் பெரிய வரம். எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல் 'பவர் டேபிள்ல தைக்கத் தெரியுமா, செக்கிங் தெரியுமா' என்று கேட்கிற ஊர் அது. ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளில் மட்டும் ஆதார், வயதுச் சான்று எல்லாம் சரியாகக் கேட்பார்கள். உள்ளே கற்ற தொழிலும் கை கொடுக்கிறது. கோவை சிறையில் நெசவு, வேலூரில் ஷூ தைப்பது, திருச்சியில் ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. சிறைத் துறையும் இந்தியன் ஆயிலும் சேர்ந்து நடத்துகிற பெட்ரோல் பங்குகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம். "இவர் இரண்டு வருடம் பங்கில் கல்லாப் பணம் வாங்கி எண்ணிக் கொடுத்தவர். ஒரு நாளும் கணக்கு குறைந்ததில்லை" என்று சொன்னால் ஓனர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தண்டனை முடித்து வருகிறவருக்கு உள்ளே அவர் என்ன வேலை செய்தார், எத்தனை வருடம் செய்தார் என்று சிறையில் எழுதி வாங்க முடிந்தால் வாங்கிவிடுவது நல்லது. வெளியே வந்த பிறகு அதற்காகத் திரும்பிப் போக யாருக்கும் கால் வராது.

இனி ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பதினான்கு வருடம் இருந்துவிட்டு முன்விடுதலையில் வந்த ஒருவரைத் திருப்பூரில் சேர்த்தோம். ஐம்பது வயது இருக்கும், அமைதியான மனிதர். அயர்னிங்கில் வேலை. கம்பெனி ரூமில் ஆறு பேர் தங்கல். நான்காம் நாள் காலை என் பட்டறை வாசலில் பையோடு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வேலை கஷ்டமா என்றால் இல்லை, யாராவது ஏதாவது சொன்னார்களா என்றால் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "லைட்ட அணைச்சுடறாங்கண்ணா." சிறையில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். பதினான்கு வருடம் விளக்கு வெளிச்சத்திலேயே தூங்கியவர். இருட்டில் மூச்சு முட்டியிருக்கிறது. எழுந்து லைட்டைப் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் படுத்த மற்றவர்கள் சத்தம் போட்டிருக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் ஜெயில் விஷயம் தெரிந்துவிடும் என்று மூன்று ராத்திரி வாசல் திண்ணையில் தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அதோடு இன்னொன்று. சிறையில் சாயங்காலமே ராத்திரிச் சாப்பாடு கொடுத்து அடைத்துவிடுவார்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து சாப்பிட ஒன்பது மணி ஆகும். ஆறு மணியில் இருந்தே அவருக்குக் கை நடுங்கியிருக்கிறது.

அயர்ன் பாக்ஸ் பிடிக்கிற கை நடுங்கினால் என்ன ஆகும்? சூப்பர்வைசர் அவரைக் குடிகாரர் என்று நினைத்திருந்தார்.

தீர்வுக்கு ஆன செலவு மிகக் குறைவு. அன்று மாலையே அவரோடு திருப்பூர் போனேன். பாத்ரூம் வாசலில் ஒரு ஜீரோ வாட் பல்பு மாட்டினோம், 'வயசான ஆளு, ராத்திரி எழுந்தா தடுக்கி விழுவாரு' என்று காரணம் சொல்லி. அவர் பாயை அந்த வெளிச்சம் படுகிற இடத்துக்கு மாற்றினோம். சட்டைப் பையில் வேர்க்கடலை மிட்டாய் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு டீயோடு சாப்பிடச் சொன்னேன். நான்கு வருடமாக அதே கம்பெனியில் இருக்கிறார்.

பணத்திலும் இதுபோல ஒன்று உண்டு. சேர்ந்த முதல் மாதம் மாதச் சம்பளம் என்றால் பாதிப் பேர் நிற்க மாட்டார்கள். உள்ளே உழைத்த கூலிக்கும் ஒரு கணக்கு உண்டு. நியாயமான கூலி தர வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் சாப்பாட்டுச் செலவைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும், ஒரு பகுதி பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்குப் போக வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. மீதியில் கேன்டீன் செலவு, வீட்டுக்கு அனுப்பியது போகக் கையில் வருவது சிலருக்கு ஒரு மாத வாடகைக்குக்கூடப் போதாது. அந்த நேரம் பார்த்துப் பழைய சகவாசம் வந்து ஐந்நூறு ரூபாய் நீட்டும். அதனால் முதல் இரண்டு மாதம் வாரச் சம்பளம் கொடுக்கும் இடமாகப் பார்ப்பேன், சனிக்கிழமை கையில் காசு வர வேண்டும். மாதச் சம்பள இடம்தான் கிடைத்தது என்றால், வாராவாரம் ஒரு தொகை முன்பணமாகக் கொடுத்துக் கழித்துக்கொள்ளச் சொல்லி ஓனரிடம் பேசுவேன். நானே கைமாற்றாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். திருப்பிக் கொடுக்க முடியாதவர்கள் என்னைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போக ஆரம்பித்தார்கள். பணம் போனது பெரிதில்லை, ஆளை இழந்தோம். சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவரை நன்னடத்தை அலுவலரிடம் அனுப்புகிறோம். விடுதலையானவர்களுக்கு உதவ அரசு ஆதரவில் இயங்கும் சங்கத்தின் உதவிக்கு அவர் மூலமாக விண்ணப்பிக்கலாம்.

பெண்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி குறைவு, ஆசிரியை அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண் உள்ளே இருந்தால் மனைவியோ அம்மாவோ மனு எழுதிப் போட்டுப் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு வருகிறவர்கள் குறைவு. வெளியே வந்தால் போக வீடு இருக்காது. ஹாஸ்டலில் இடம் கேட்டால் கணவர் பெயர், உள்ளூர்க் கார்டியன், போன் நம்பர் என்று கேட்பார்கள். ஒன்பது வருடம் கழித்து வந்த ஓர் அக்காவுக்கு ஆசிரியை அம்மா தன் பெயரைக் கார்டியனாகக் கொடுத்து இடம் வாங்கினார். மெஸ் ஒன்றில் சப்பாத்தி போடும் வேலை. நாளுக்கு நானூறு சப்பாத்தி. முதல் மாதச் சம்பளத்தில் மகளுக்குச் சுடிதார் எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரரிடம் கையால் உயரம் காட்டி வாங்கியிருக்கிறார், தன் மனதில் இருந்த மகளின் உயரத்துக்கு. மகள் அதைவிட ஒரு முழம் வளர்ந்திருந்தாள். மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்ற கடைக்காரரிடம் ஆசிரியை அம்மா போய்ச் சண்டை போட்டு மாற்றி வாங்கி வந்தார். அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் இன்னும் தன் அம்மாவைப் பார்க்க வரவில்லை. ஆனால் போனை இப்போது எடுக்கிறாள்.

முதல் பையனையும் சொல்லிவிடுகிறேன். நிபந்தனையைத் தளர்த்தி வாங்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை என் பட்டறையிலேயே வைத்துக்கொண்டேன். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு பதினொன்றரைக்கு வருவான், ராத்திரி எட்டு வரை இருப்பான். சாக்குப் போட்டு மூடியிருந்த அந்த மிஷினில்தான் லேத் பழகினான். வழக்கில் விடுதலையாகி இப்போது பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது. அவன் பெயில் ஆர்டர் நகல் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவர் வருகிறார், பதினோரு வருடம். நேற்று திருப்பூரில் இருந்து போன் வந்தது. அயர்னிங் அண்ணன்தான். "ரூம் பாத்தாச்சுங்க. கம்பெனியில ஓனர்கிட்டச் சொல்லிட்டேன், வாரச் சம்பளம்தான். அவரு படுக்கறதுக்கு எம் பாய்ப் பக்கத்துலயே எடம் ஒதுக்கியிருக்கறேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த பல்பு ப்யூஸ் போயிருச்சுங்க. இன்னைக்குப் புதுசு வாங்கி மாட்டிடறேன்" என்றார்.